வரதர் ரயிலேறிய சனிக்கிழமை

பாரிசுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றி எழுதியாகிவிட்டது. நான் அதை ஒரே ஒரு தடவை, தூரத்தில், மழைக்கு நடுவில் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் காஞ்சிபுரத்துப் பெருமாளோடுதான் அலைந்துகொண்டிருந்தேன். ஊரிலேயே கிடைக்கிற பெருமாளைப் பார்க்க இவ்வளவு தூரம் போவானேன் என்று என் தங்கை இன்றைக்கும் கேட்கிறாள்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். ஒரு ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினேன். எங்கள் ஊர்க் கதைதான். முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் முகலாயப் படை தெற்கே இறங்கி வந்தபோது, வடக்கே கோயில்கள் இடிபட்ட செய்தி படைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காஞ்சிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியைத் துணியில் சுற்றிப் பாடையில் கிடத்தினார்கள். பிணம் போகிறது என்று சொல்லி, படைக்கு நடுவிலேயே தூக்கிக்கொண்டு போய், உடையார்பாளையம் காட்டுப் பக்கம் ஒளித்துவைத்தார்கள். பெருமாள் பல வருஷம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். திரும்பி வந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது, வருஷா வருஷம் உற்சவமும் நடக்கிறது. பாடையில் போன கதையை ஊர் சொல்கிறது. ஊர் சொல்வதை நான் நம்புகிறேன்.

என் நாடகத்தில் நான் பெருமைப்பட்ட காட்சி ஊர் வாசலில் வருவது. முகலாயத் தளபதி குதிரைமேல் இருந்து “என்ன அது?” என்று அதட்டுவான். “அம்மை கண்டு செத்த கிழவர்” என்பார்கள் பட்டர்கள். தளபதி மூக்கைப் பொத்திக்கொண்டு, காறித் துப்பி, “தூக்கிக்கொண்டு ஓடுங்கள்” என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். யாரோ அதைப் படம் பிடித்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறிப் பாரிசில் மகேசன் என்பவரின் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மகேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு காய்கறிக் கடையில் வேலை. உணவகங்களில் வேலை பார்க்கும் நண்பர்களைச் சேர்த்து நாடகம் போடுகிறவர். ஒரு நாள் பாடவேளையின் நடுவில் கூப்பிட்டார்.

“ரீச்சர், உங்கடை நாடகத்தை இஞ்சை பிள்ளையார் தேருக்கு முதல் நாள் போடப் போறம். நீங்கள் வந்து நிண்டு சரி பிழை பாக்க வேணும். ரிக்கெற் நாங்கள் போடுறம்.”

இப்படித்தான் ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் நான் பாரிசில் இறங்கினேன்.

மகேசனின் வீடு பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், ஒரு உயரமான கட்டடத்தின் மேல் மாடியில். அவர் மனைவி சாந்தி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “இடியப்பம் சாப்பிடுவியள்தானே?” என்பது. இடியப்பமும் சொதியும் வந்தன. சொதி என்றால் தேங்காய்ப்பாலில் மஞ்சளாக, எலுமிச்சை வாசத்தோடு ஒரு குழம்பு. நான் எண்ணாமல் சாப்பிட்டேன். காபி என்ற பெயரில் வந்ததைப் பற்றி மட்டும் நான் எதுவும் எழுதப் போவதில்லை. சாந்தி நல்ல மனுஷி.

“மகேசன் சார்” என்று நான் கூப்பிட்டதும் வீடே சிரித்தது. அவரை வாழ்நாளில் யாரும் சார் என்று சொன்னதில்லையாம். அவர்கள் மகள் கவிதா இங்கேயே பிறந்தவள், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அம்மாவிடம் பாதிக்குப் பாதி, என்னிடம் மட்டும் நல்ல தமிழ். அப்பாவிடம் ஏன் அப்படி என்று கேட்டேன். “அவருக்கு விளங்கும் ஆன்ரி. விளங்காத மாதிரி நடிப்பார். நடிகர்தானே.”

மத்தியானம் மகேசன் என்னை லா சப்பலுக்குக் கூட்டிப்போனார். கார் து நோர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்ததும் முருங்கைக்காய் வாசம் வந்தது. நகைக்கடை, புடவைக்கடை, ரோல்ஸ் சுடும் கடை, கண்ணாடியில் தேர்த் திருவிழா நோட்டீஸ். காஞ்சிபுரம் காந்தி ரோடு மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே கார்க்காரர்கள் நமக்காக நிற்கிறார்கள். அது எனக்குப் பழக்கமில்லாததால் நான் நிற்க, கார் நிற்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், “சார், சாமி நாடகம் எத்தனையோ இருக்கு. இதையே ஏன் புடிச்சீங்க?”

“பாடைக்காகத்தான்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நான் இஞ்சை வந்த வருசம் ஐயா செத்துப்போனார். கையிலை பப்பியே இல்லை. வெளியிலை போனா உள்ளுக்கை வர ஏலாது. ஊரிலையும் சண்டை, பாதை பூட்டு. மூத்த பிள்ளை நான். கொள்ளி வைச்சது சித்தப்பா. ஐயாவை ஆர் தூக்கினதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.” கிளாசைக் கீழே வைத்தார். “இஞ்சை ஆரும் செத்தாலும் பெட்டியிலை வைச்சுக் கறுப்புக் காரிலை கொண்டுபோடுவாங்கள். தூக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. உங்கடை படத்திலை அந்தப் பெடியள் பாடையைத் தோளிலை வைச்சுக்கொண்டு போறதைப் பாத்தன். நாடகத்திலை எண்டாலும் ஒருக்கா தூக்கவேணும் போலை கிடந்தது.”

‘ஐயா’ என்றால் அப்பா என்றும், ‘பப்பியே’ என்றால் குடியிருப்புக் காகிதங்கள் என்றும் எனக்கே புரிந்தது. அவர் உடனே பேச்சை மாற்றி, அவர்கள் பக்கத்தில் கோயிலை இடித்தது போர்த்துக்கீசப் பறங்கி என்றும், மூர்த்திகளைக் கிணற்றில் போட்டுக் காப்பாற்றினார்கள் என்றும் சொன்னார். “உங்கடை பெருமாள் குடுத்துவைச்சவர் ரீச்சர். எங்கடை ஆக்கள் தண்ணிக்கை இருந்தவை.”

நாடகத்துக்கு ஒரு எதிர்ப்பும் இருந்தது. நாடகம் போடவிருந்த லா சப்பல் மண்டபத்தின் பொறுப்பாளர் துரைசிங்கத்தார் அன்று மாலை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளை வேட்டி, பளிச்சென்ற திருநீறு, கையில் பெரிய சாவிக்கொத்து.

“மகேசன், ஞாயித்துக்கிழமை தேர். அதுக்கு முதல் நாள் மண்டபத்துக்குள்ளை பாடை கொண்டுவாறது சரியே?”

“அண்ணை, உள்ளுக்கை கிடக்கிறது சாமி.”

“வெளியிலை தெரியிறது பாடை” என்றார் துரைசிங்கத்தார். நியாயமான பேச்சுதான். கடைசியில் அரை மனதாக ஒத்துக்கொண்டார். பின்வாசல் வழியாக வர வேண்டும். சனிக்கிழமை விழாவில் பிள்ளைகளுக்கான பரிசளிப்பு முடியும்போது தயாராக நிற்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளின் நடனத்தை ஏற்றிவிடுவார். சனம் முகம் சுளித்தால் மகேசனின் குழுவுக்கு இனி மண்டபமே கிடையாது.

வெள்ளிக்கிழமை பெருமாளைத் தரிசித்தேன். ஓல்னேயில் அந்தக் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்தும் அறையில் அவரைச் செய்து வைத்திருந்தார்கள். காகிதக் கூழ், பசை, தங்க வர்ணம். இடுப்பளவு உயரம், நான்கு கை, சங்கு, சக்கரம். சாயாமல் நிற்பதற்காக அடியில் சிமெந்துக் கட்டை வைத்திருந்ததால் ஒரு ஆளின் கனம் இருந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தார். என் கண் மேலே போனது. நெற்றியில் பட்டையாக மூன்று கோடு திருநீறு.

நான் மகேசனைக் கூப்பிட்டேன். “சார், இது பெருமாள்.”

“ஓம்.”

“பெருமாளுக்கு நாமம். இது விபூதி.”

மகேசன் பெருமாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாமி எண்டாத் திருநீறு பூசாமல் எப்பிடி விடுறது ரீச்சர்? கை தன்ரை பாட்டிலை பூசிப்போட்டுது.”

எங்கள் ஊரில் நாமத்தின் வடிவத்துக்கே பல தலைமுறையாகச் சண்டை. இதைக் கேள்விப்பட்டால் அத்தனை பேரும் ஒற்றுமையாகி இவர்களை அடிக்க வந்திருப்பார்கள். சாந்தி சிரித்துச் சிரித்துக் கார் அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அலுவலகத்திலிருந்து வந்த கவிதா, நான் ஃபோனில் காட்டிய படத்தைப் பார்த்துக் கோடுகளை அழித்து நாமம் போட்டாள். பளபளப்பாக வர வேண்டும் என்று கனமாகப் பூசினாள். சனிக்கிழமை மத்தியானமும் அது காயவில்லை.

அதனால் பெருமாளை மேடைக்குப் போகிற கோலத்திலேயே சுற்றிக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. முதலில் சமையலறைப் பிளாஸ்டிக், அதற்குமேல் வெள்ளை வேட்டி. மகேசன் மூங்கில் பாடையில் கிடத்தி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கயிறு கட்டி, செவ்வந்தி மாலை போட்டார். மண்டபத்தில் உடை மாற்ற ஒரே ஒரு அறை, அதை நடனப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே மகேசனும் இரண்டு நண்பர்களும் வீட்டிலேயே வேட்டி கட்டிக்கொண்டார்கள். பார்த்தால் நாடகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பாடையை ஏற்றப் போகும்போது நண்பரின் வான் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. தள்ளினோம். திட்டினோம். மகேசன் வேறு வான் கேட்டு ஃபோன் அடித்தார். தேருக்கு முதல் நாள் லா சப்பலில் ஒரு வானும் சும்மா இல்லை, எல்லாவற்றிலும் தேங்காய். ஒரு டாக்சி வந்தது. ஓட்டுநர் இறங்கி, பாடையைப் பார்த்து, மறுபடி ஏறிப் போய்விட்டார். பரிசளிப்பு முடிந்ததும் நாடகம் தொடங்கியாக வேண்டும். மகேசன் தலையில் கை வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“ரயிலில் போவோம்” என்றாள் கவிதா.

தூக்க நாலு பேர் வேண்டும், இருந்தது மூன்று ஆண்கள். கவிதா தன் ஜீன்ஸைத் தட்டிவிட்டு நாலாவது மூலையில் போய் நின்றாள்.

“பொம்பிளைப் பிள்ளை பாடை தூக்கிறேல்லை” என்றார் மகேசன்.

கவிதா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவருக்கு அது புரியாத மாதிரி நடிக்க முடியவில்லை. பிறகு எனக்கு அர்த்தம் சொன்னாள்: “உள்ளே இருப்பவருக்கு ஆட்சேபணை என்றால் அவரே இறங்கி நடக்கட்டும்.”

சாந்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள். நடிகர்களுக்காக அவள் சுட்டுக் கொடுத்த வடைப் பையோடு நான் பாடைக்குப் பின்னால் நடந்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். பாடைக்குப் பின்னால் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கிற ஆள் எழுந்தே நின்றுவிட்டார். கவிதா நாடகம் என்று விளக்கியதும் சிரித்துக்கொண்டே சக்கர நாற்காலிக்கான அகலக் கதவைத் திறந்துவிட்டார். “இவருக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணுமா?” என்று நான் கேட்டேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

ரயிலில் கதவோரம் கொஞ்சம் இடம் இருந்தது. பாடையைத் தரையில் வைக்க மகேசனுக்கு மனமில்லை. நாலு பேரும் இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டே நின்றார்கள். முதலில் பெட்டியில் ஒரே சத்தம், சனிக்கிழமைக் கூட்டம், ஒரு குழந்தையின் அழுகை, யாருடைய ஃபோனிலோ பாட்டு. பாட்டு நின்றது. ஒருவன் காதிலிருந்ததைக் கழற்றினான். ஒரு பெண் எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்து, என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். என்னை விதவை என்று நினைத்திருக்க வேண்டும். மடியில் வடைப் பையோடு நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஏறினார்கள். அல்ஜீரியாப் பக்கத்துக்காரர் என்று கவிதா பிறகு சொன்னாள். நரைத்த தாடி, தலையில் சின்ன வெள்ளைத் தொப்பி. பாடையைக் கண்டதும் அவர் கையிலிருந்த பை கீழே இறங்கியது. இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே விரித்து, உதடு மட்டும் அசைய ஓதினார். அவர் மனைவியும் ஓதினாள். ரயில் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கவிதா தாங்க முடியாமல், “ஐயா, இது உண்மையில்...” என்று பிரெஞ்சில் ஆரம்பித்தாள். அதற்குள் பெரியவர் மகேசன் பக்கம் திரும்பிவிட்டார். கையை அவர் தோளில் வைத்து மெதுவாகக் கேட்டார்.

“யார்?”

மகேசன் குனிந்த தலை நிமிரவில்லை. பிரெஞ்சில் சொன்னார்.

“என் அப்பா.”

அவர் கண்ணீர் வேட்டியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நடிப்பு இல்லை. கவிதா வாயை மூடிக்கொண்டாள். பெரியவர் கையை எடுக்கவே இல்லை. கார் து நோர் வரும்வரை அப்படியே நின்றார். எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெட்டியில் அழுவதற்கு எனக்குப் பூரண உரிமை இருந்ததால் தாராளமாக அழுதேன்.

கார் து நோரில் அந்த வண்டி பூமிக்கு அடியில் வந்து நிற்கிறது. மேலே போகும் நகரும் படி அன்று நகரவில்லை. சாதாரணப் படியோ, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சிமெந்துப் பெருமாள் கனத்தார். கவிதாவின் முகம் சிவந்துவிட்டது. பெரியவர் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து, அவளை மெல்ல விலக்கி, மூங்கிலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். சில படி ஏறியதும், கால்பந்துச் சட்டை போட்ட ஒரு இளைஞன் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து, வேலைக்குப் போகிற பச்சைச் சட்டையில் இருந்த உயரமான ஆப்பிரிக்கர் ஒருவர். இன்னொரு மூலையிலும் யாரோ வந்து தோள் கொடுத்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்தார்கள், சில படி சுமந்தார்கள், அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு விலகினார்கள். மகேசன் மட்டும் தன் மூலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

“அவர்கள் மார்க்கத்தில் அப்படி ஆன்ரி” என்று கவிதா என் காதில் சொன்னாள். “தெரியாத ஆளாக இருந்தாலும் பிரேதம் போனால் நாலு அடி தூக்கிவிடுவார்கள். புண்ணியம் என்று நம்பிக்கை. என் பள்ளிக்கூடச் சிநேகிதி சொல்லியிருக்கிறாள்.”

நான் வடைப் பையைக் கைமாற்றிக்கொண்டு படியேறினேன். முகலாயர்களுக்குப் பயந்து பாடையில் படுத்த பெருமாள், முந்நூறு வருஷம் கழித்து, தொழுகை செய்கிறவர்களின் தோளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பட்ட பயம் உண்மையான பயம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாடையில் வைத்தால் போதும், விட்டுவிடுவார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? வாசலில் நிற்கிற சிப்பாய்க்கும் ஒரு அப்பா இருந்திருப்பார், அவரையும் யாரோ தூக்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிணத்தைக் கண்டால் அவனும் ஒதுங்குவான் என்று நம்பித்தான் சாமியை வெளியே எடுத்திருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக் காறித் துப்புகிற என் தளபதியை எனக்குச் சட்டென்று பிடிக்காமல் போய்விட்டது.

மேலே வந்ததும் பெரியவர் நெஞ்சில் கை வைத்து விடைபெற்றார். தெருவில் அடுத்த கூத்து. லா சப்பல் கடைக்காரர்கள் பாடையைக் கண்டதும், ஊர் வழக்கப்படி, கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கினார்கள். வாடிக்கையாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தார்கள். “ஆர் போனது?” “மகேசன்ரை வீட்டிலை ஆரோவாம்.” நாங்கள் நடந்ததைவிட வதந்தி வேகமாக நடந்தது. மண்டபத்துப் பின்வாசலில் துரைசிங்கத்தார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பியபடி நின்றார்.

“மகேசன், ஆரப்பா?”

“பெருமாள் அங்கிள்” என்றாள் கவிதா.

அவர் கூப்பிய கை இறங்கியது. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “நல்லகாலம். உள்ளுக்கை கொண்டு போங்கோ” என்றார். பின்வாசல் படி குறுகலாக இருந்ததால், அவரே கால்மாட்டைப் பிடித்து ஏற்றினார்.

மேடையில் பரிசளிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. தளபதியாக நடிக்கிற ரமேஷ் பக்கத்து உணவகத்தில் பகல் முழுதும் கொத்துரொட்டி போட்டுவிட்டு, ஜிகினாத் தலைப்பாகையோடும் ஒட்டு மீசையோடும் அட்டைக் குதிரைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரைத் தனியாக இழுத்தேன்.

“ரமேஷ், மூக்கைப் பொத்தாதீங்க. துப்பவும் வேண்டாம். குதிரைய விட்டு இறங்கி, வாளைக் கீழ வச்சிட்டு, யாருன்னு கேளுங்க. வழி விடுங்க. அவ்வளவுதான்.”

“ரீச்சர், அந்த இடத்திலைதானே சனம் சிரிக்கும்?” ரமேஷ் பாவம், அவருக்கு இருந்தது அந்த ஒரு சிரிப்புதான்.

“சிரிக்க வேண்டாம்.”

நாடகம் தொடங்கியது. கோயில், ஓலம், ஓடுகிற சனம், படை வருகிற முரசு. பாடை மேடைக்கு வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மேடையிலும் நாலாவது மூலையைக் கவிதா விடவில்லை. ஒரு அம்மா பிள்ளையின் கண்ணை மூடினாள். ரமேஷ் குதிரையை விட்டு இறங்கினார். அதாவது அட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வாளைக் கீழே வைத்தார்.

“ஆருடைய பிரேதம்?”

அம்மை கண்டு செத்த கிழவர் என்று சொல்ல வேண்டிய மகேசன் சும்மா நின்றார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துப் பக்கவாட்டிலிருந்து நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன்.

“என்ரை ஐயா” என்றார் மகேசன்.

ரமேஷ் அவரையே பார்த்தார். பல வருஷ நண்பர், விஷயம் தெரிந்தவர். நான் எழுதாத ஒன்றைச் செய்தார். தலைப்பாகையும் மீசையுமாக வந்து, கவிதாவின் மூலையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். முகலாயத் தளபதி தோள் கொடுக்க, பெருமாள் காஞ்சியை விட்டுப் புறப்பட்டார். இப்படி நடந்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. முன்வரிசையில் துரைசிங்கத்தார் எழுந்து நின்றார். பிறகு மண்டபமே எழுந்து நின்றது. அவர்களில் எத்தனை பேர் ஊரில் செத்தவர்களை இப்படித் தூக்க முடியாமல் போனவர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசிக் காட்சி உடையார்பாளையம். கற்பூரத்தோடு துணியை அவிழ்த்தார்கள். காயாத நாமம் பிளாஸ்டிக்கோடு போய், நெற்றி முழுதும் வெள்ளையாக இழுபட்டிருந்தது. பெருமாள் மறுபடியும் சைவராகிவிட்டார். சனம் “அரோகரா” என்றது. நான் அதையும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர் பார்த்தேன். ரூ பஜோல் என்ற தெருவில் இருக்கிற கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெருத்தெருவாகப் பிள்ளையார் வருகிறார். முந்தின நாள் அத்தனை வான்களையும் பிடித்துவைத்திருந்த தேங்காய்கள் மலை மலையாக உடைபடுகின்றன. வெள்ளைக்காரர்கள் முகத்தில் தெறிக்கிற தேங்காய்த் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மகேசன் எனக்கு ஒரு கிளாஸ் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ரயில் பெரியவரிடம் பொய் சொன்னது உறுத்துகிறதா என்று கேட்டேன்.

“ஏன் ரீச்சர் பொய்? நேற்றுத்தான் ஐயாவை எடுத்தது.” சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். “முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி. நிண்டு சாப்பிட்டிட்டுப் போங்கோவன்.”

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அவர்கள் செய்யும் சடங்கு அது. எனக்கு நிற்க வழியில்லை, பள்ளிக்கூடம் விட்டுவைக்காது. ஊருக்கு வந்து, காலண்டரைப் பார்த்து, அந்த நாளில் வரதர் கோயிலுக்குப் போனேன். இறந்தவர் பேரில் அர்ச்சனை செய்கிற வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். போகாமல் இருக்கத்தான் முடியவில்லை.

பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். மகேசனின் அப்பா பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“பெருமாள் பேருக்கே பண்ணிடுங்க” என்றேன்.